45 நொடியில் ஒரு ஷாட்கூடப் போடாத அணி: லாஸ் வேகாஸ் ரசிகர்களின் நினைவு, ஒரு நிகழ்வு ஆய்வு

1991 மார்ச் 30. இண்டியானாபொலிஸ் நகரின் ஹூசியர் டோம் அரங்கில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் அரையிறுதி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கிறது. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணி, சுருக்கமாக யு.என்.எல்.வி., 76-74 என்று முன்னால் நிற்கிறது. பந்தும் அவர்களிடம். அன்றைய கல்லூரி ஆட்டத்தில் 45 நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள், வழி கிடைக்கவில்லை, நேரம் தீர்ந்துவிட்டது. பந்து டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கடைசியில் 79-77 என்று டியூக் ஜெயித்தது.

யு.என்.எல்.வி.யின் பழைய ரசிகர்கள் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த ஆட்டத்தில் வந்து முட்டிக்கொள்ளும். முந்தைய ஆண்டுதான் இதே டியூக்கை இறுதி ஆட்டத்தில் 30 புள்ளி வித்தியாசத்தில் இவர்கள் நொறுக்கியிருந்தார்கள். கோப்பை கையில் இருக்கிறது, உடையாத சாதனையும் இருக்கிறது. அப்படியும் பொற்காலத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள் தோல்வியைப் பேசிவிட்டு எழுந்து போகிறார்கள். ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாஸ் வேகாஸில் அந்த நினைவு ஒரு பழைய ரேஷன் கார்டு மாதிரி. நேற்று வந்தவர்கள் நிறைந்த ஊரில், நாங்கள் அப்போதே இங்கே இருந்தோம் என்று எடுத்துக் காட்ட உதவுகிறது. ஜெயித்ததை யார் வேண்டுமானாலும் கொண்டாடலாம். தோற்றது வலிக்க வேண்டுமென்றால் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

பாலைவனக் கல்லூரி

1957ல் நெவாடா பல்கலைக்கழகத்தின் தென்கிளையாகத் தொடங்கிய கல்லூரி அது. இன்றைய பெயர் 1969ல்தான் வந்தது. பழம்பெருமை இல்லை, கட்டடங்களுக்கு வயதில்லை, ஊரோ சூதாட்ட ஊர். அப்படிப்பட்ட இடத்துக்கு 1973ல் ஜெர்ரி டார்கானியன் கோச்சாக வந்தார். ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளை. கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஜெயித்து, பிறகு லாங் பீச் ஸ்டேட்டில் பெயர் வாங்கியவர். வழுக்கைத் தலை, தூக்கம் கெட்ட கண்கள், பல்லுக்கு நடுவில் ஓர் ஈரத் துண்டு. ஆட்டம் முழுக்க அந்தத் துண்டைக் கடித்துக்கொண்டிருப்பார். 'ஷார்க்' என்று பட்டப்பெயர் வந்தது. ரசிகர்கள் சுறா வாயைத் திறந்து மூடுவது போல இரண்டு கைகளையும் நீட்டித் தட்டுவார்கள்.

லாங் பீச்சில் அவர் ஆடவைத்தது நிதானமான ஸோன் ஆட்டம், அதாவது ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்து நிற்பது. வேகாஸ் வந்ததும் அதைத் தலைகீழாக மாற்றினார். முழுக் களத்திலும் நெருக்கிப் பிடி, பந்தைப் பறி, ஓடு. 1975-76 பருவத்தில் அவர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 110.5 புள்ளி எடுத்தது. அன்று கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடும் இல்லை, ஷாட் கடிகாரமும் இல்லை. எதிரணி நினைத்தால் பந்தை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டலாம். அந்த விதிகளுக்குள் 110 எடுப்பது எப்படிப்பட்ட வெறி என்பதை இன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். 1977ல் முதல் முறையாக ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளின் கட்டத்துக்குப் போனார்கள். நார்த் கரோலைனாவிடம் 84-83 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

முதலில் ஆடியது ஆறாயிரம் சொச்சம் பேர் உட்காரும் வட்டக் கூடத்தில். 1983ல் தாமஸ் அண்ட் மேக் சென்டர் திறந்தது, 18,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதன் பிறகு ஆட்டம் பாதி, காட்சி பாதி. விளக்கை அணைப்பார்கள், சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள், அரங்கத்துக்குள்ளேயே பட்டாசு வெடிக்கும். களத்தை ஒட்டிய இருக்கைகளுக்கு, ஆடம்பர ஆடை நிறுவனத்தின் பெயரால், 'கூச்சி (Gucci) ரோ' என்று பெயர். கேசினோ முதலாளிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அங்கேதான் தென்படுவார்கள். இன்று எல்லாத் தொழில்முறை அணிகளும் செய்யும் ஆர்ப்பாட்டம்தான். அன்று ஒரு கல்லூரி அணிக்கு அது ரொம்பப் புதுசு.

இடையில் ஒரு வேடிக்கை. அமெரிக்கா முழுக்க விளையாட்டுப் பந்தயத்துக்குப் பெயர்போன இந்த ஊரில், இந்த அணியின் மேல் சட்டப்படி பந்தயம் கட்ட முடியாது. நெவாடா கல்லூரி அணிகளின் ஆட்டங்களுக்கு மாநில விதிமுறை தடை போட்டிருந்தது, 2001ல்தான் அது நீங்கியது. ஆக, எதற்கும் ஒரு விலை பேசுகிற ஊரில் விலை பேசக் கூடாத பொருளாக இந்த அணி மட்டும் இருந்தது. ரசிகர்கள் இதைச் சொல்லும்போது ஒரு பெருமிதம் எட்டிப்பார்க்கிறது. எனக்கும் இந்தக் கதையில் மிகப் பிடித்த விவரம் இதுதான்.

1990: நினைவு விட்டுவிட்ட ஆட்டம்

1989ல் லாரி ஜான்சன் வந்து சேர்ந்தார். டெக்சஸின் ஒடெஸா இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவர், தோளும் மார்பும் கதவு அகலம். ஏற்கனவே இருந்தவர்கள்: கை கால் நீளத்தால் 'பிளாஸ்டிக் மேன்' என்று பெயர் வாங்கிய ஸ்டேசி ஆக்மன், தூரத்திலிருந்து கூசாமல் எறியும் ஆண்டர்சன் ஹன்ட், உள்ளூர்ப் பையன் கிரெக் அந்தோனி. அந்தோனிக்குப் பருவத்தின் நடுவில் தாடை உடைந்தது. கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினார். ரசிகர்கள் இதைச் சொல்லும்போது தங்கள் தாடையையே தொட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு ஊறிப்போன கதை.

அந்த ஆண்டுத் தொடரில் லயோலா மேரிமவுன்ட்டை 131-101 என்று வென்றார்கள். தங்கள் நட்சத்திரம் ஹாங்க் கேதர்ஸ் அந்த மாதமே களத்தில் சரிந்து இறந்துபோன துக்கத்தோடு ஆடிய அணி அது. அரையிறுதியில் ஜார்ஜியா டெக், 90-81. ஏப்ரல் 2 அன்று டென்வரில் இறுதி ஆட்டம், டியூக்குடன் 103-73. இடைவேளையில் 47-35 என்றுதான் இருந்தது. இரண்டாம் பாதியில் மூன்று நிமிடத்துக்குள் தொடர்ச்சியாக 18 புள்ளிகள், டியூக்குக்கு ஒன்றுகூட இல்லை. ஹன்ட் 29, ஜான்சன் 22. இறுதி ஆட்டத்தில் 100 தாண்டிய ஒரே அணி இதுதான். 30 புள்ளி வித்தியாசமும் இறுதி ஆட்டங்களின் உச்சம்.

இந்தப் பட்டியலில் ஓர் ஆட்டம் இல்லை, கவனித்தீர்களா? லயோலாவுக்கு முன்னால் பால் ஸ்டேட் என்ற அதிகம் பேர் தெரியாத கல்லூரியிடம் 69-67 என்று தப்பிப் பிழைத்தார்கள். ஒரு கூடை. அது மட்டும் தவறியிருந்தால் 103-73 கிடையாது, கோப்பை கிடையாது, இந்தக் கட்டுரையும் கிடையாது. ஆனால் பழங்கதையில் பால் ஸ்டேட்டுக்கு இடமில்லை. 1990 அணியை ரசிகர்கள் தடுக்க முடியாத வெள்ளமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் ஒரு சின்ன மதகில் கிட்டத்தட்ட நின்றுபோன கதையைச் சேர்த்தால் படம் கெட்டுவிடும்.

1991: தேய்ந்த ஒலிநாடா

இப்படி 1990ஐ வழவழப்பாக்கிய அதே நினைவு, 1991ஐ நொடி நொடியாக வைத்திருக்கிறது.

ஜான்சன், ஆக்மன், ஹன்ட், அந்தோனி நால்வரும் திரும்பி வந்திருந்தார்கள். ஜான்சன் 1990லேயே தொழில்முறைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ரசிகர்களின் அன்பில் பாதி இந்த ஒரு முடிவுக்காகத்தான். பிப்ரவரியில் முதலிடமும் இரண்டாம் இடமும் மோதிய ஆட்டத்தில் ஆர்கன்சாவை அதன் ஊரிலேயே 112-105 என்று வென்றார்கள். முந்தைய பருவத்தையும் சேர்த்துத் தொடர்ந்து 45 வெற்றி. கோப்பையையும் வென்றிருந்தால், 1976ல் இண்டியானாவுக்குப் பிறகு தோல்வியே இல்லாத முதல் சாம்பியன். 1973ல் யு.சி.எல்.ஏ.வுக்குப் பிறகு பட்டத்தைத் தக்கவைத்த முதல் அணி.

கடைசி நான்கு நிமிடத்தை மெதுவாகப் பார்ப்போம். 3 நிமிடம் 51 நொடி இருக்கும்போது அந்தோனிக்கு ஐந்தாவது ஃபவுல். வெளியே போனார். அணியை ஓட்டுகிறவர் அவர்தான். அதன் பிறகும், கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைத் தட்டியே உள்ளே விட்டு (டிப்-இன்) யு.என்.எல்.வி. 76-71 என்று முன்னேறியது. டியூக்கின் பாபி ஹர்லி கொஞ்சமும் தயங்காமல் ஒரு மூன்று புள்ளி போட்டார், 76-74. அப்புறம்தான் முதலில் சொன்ன 45 நொடி. அடுத்து டியூக்கின் பிரையன் டேவிஸ் கூடையும் போட்டு, ஃபவுலும் வாங்கி, ஃப்ரீ த்ரோவையும் (தடுக்க ஆளில்லாமல் எறியும் ஒற்றைப் புள்ளி) போட்டார், 77-76. ஜான்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறின. எதிரணி கோட்டுக்குள் முன்னதாகவே நுழைந்ததால் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது, அதைப் போட்டுச் சமன் செய்தார். கடைசியில் 12.7 நொடி மீதம் இருக்க கிறிஸ்டியன் லெய்ட்னர் இரண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டார். கடைசிப் பந்து ஜான்சனிடம் வந்தது. எறிய வந்தவர் நிறுத்தி ஹன்ட்டிடம் கொடுத்தார். ஹன்ட்டின் ஷாட் விழவில்லை.

வேகத்துக்குப் பெயர்போன அணி 45 நொடி நின்று தவித்தது. இதற்கு என் விளக்கம் ரொம்பச் சாதாரணமானது. அந்த ஆண்டு அவர்களுக்கு நெருக்கமாக முடிந்த ஆட்டங்கள் என்று தேடினால் ஆர்கன்சாவுடன் 7 புள்ளி, ஜார்ஜ்டவுனுடன் 8 புள்ளி என்றுதான் கிடைக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னே பின்னே என்று தத்தளித்து அவர்களுக்குப் பழக்கமே இல்லை. டியூக்குக்கு இருந்தது. அந்தோனி களத்தில் இருந்திருந்தால் சமாளித்திருப்பாரோ என்னவோ. ஒரு வருடத்தில் டியூக்கும் மாறியிருந்தது: ஹர்லி தேறியிருந்தார், கிரான்ட் ஹில் என்ற முதலாண்டு மாணவர் சேர்ந்திருந்தார், லெய்ட்னர் தனியாளாக 28 புள்ளி எடுத்தார். ஜான்சனை 13ல் நிறுத்தினார்கள்.

ஆனால் சாதாரண விளக்கம் ரசிகர்களுக்குப் போதவில்லை. வேண்டுமென்றே தோற்றார்களோ என்ற முணுமுணுப்பு இன்றும் ஓயவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. தோல்வி நடந்து இரண்டு மாதத்துக்குள், மே மாதம், உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு புகைப்படம் வந்தது. விளையாட்டுப் பந்தய மோசடியில் தண்டனை பெற்ற ஒருவரோடு 1990 அணியின் ஆட்டக்காரர்கள் மூவர் வெந்நீர்க் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தை விற்றார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் வெளிவரவில்லை, யார் மீதும் வழக்கும் இல்லை. அப்படியும் வதந்தி பிழைத்திருப்பதற்குக் காரணம் அது தரும் ஆறுதல் என்றுதான் நினைக்கிறேன். வெல்ல முடியாத அணி தோற்றுவிட்டது என்பதை ஏற்பதைவிட, வெல்லத் தெரிந்தே விட்டுக்கொடுத்தது என்று நம்புவது சிலருக்குச் சுலபம். தாங்கள் நேசித்தவர்களையே இது களங்கப்படுத்துகிறதே என்று அவர்களுக்கு உறைப்பதில்லை.

தோற்காமலே இறுதிக் கட்டம் வரை வந்து வழுக்கிய அணிகள் பிறகும் உண்டு. 2015ல் கென்டக்கி, 38 வெற்றிக்குப் பிறகு அரையிறுதியில். 2021ல் கொன்ஸாகா, இறுதி ஆட்டத்தில். இரண்டுமே நடந்தது இண்டியானாபொலிஸில். தோற்காத 1976 இண்டியானா அணியின் சாதனையை அந்த மாநிலமே காவல் காப்பது போலத் தோன்றுகிறது. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

சங்கத்தோடு மல்லுக்கட்டு

ரசிகர்களின் கதையில் வில்லன் டியூக் கிடையாது. கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கமான என்.சி.ஏ.ஏ.தான். 1977ல் டார்கானியனை இரண்டு வருடம் இடைநீக்கம் செய்யும்படி அது பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. அவர் நீதிமன்றம் போனார், தடை வாங்கினார், தொடர்ந்து கோச்சாகவே இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 1988ல் 5-4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது: என்.சி.ஏ.ஏ. அரசு அமைப்பு இல்லை, எனவே அரசு கடைப்பிடிக்க வேண்டிய உரிய விசாரணை முறை அதைக் கட்டுப்படுத்தாது. கோப்பை வென்ற சூட்டோடு 1990ல் சங்கம் பழைய கணக்கை எடுத்தது. 1991 தொடரில் ஆடக் கூடாது என்றது. பேரம் நடந்து, 1991ல் ஆடலாம், 1992ல் கூடாது என்று முடிந்தது. ஆக, ஹூசியர் டோமில் ஆடும்போதே அது கிட்டத்தட்ட கடைசி வாய்ப்பு என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தோல்வியின் கசப்பில் இதற்கும் பங்கு உண்டு.

டார்கானியன் வாய் சும்மா இருக்காது. கென்டக்கி மேல் என்.சி.ஏ.ஏ.வுக்கு எவ்வளவு கோபம் என்றால், கிளீவ்லாண்ட் ஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டு வருடம் தண்டனை போடுவார்கள் என்று ஒருமுறை கிண்டல் செய்தார். பெரிய கல்லூரி தப்பிக்கும், சின்னது மாட்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. 1998ல் சங்கம் அவருக்கு 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பார், நாங்கள் சொன்னதுதான் சரி என்கிறார்கள் ரசிகர்கள்.

பாதிதான் சரி. நியூயார்க்கிலிருந்து அழைத்துவந்த பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர், இந்த அணிக்கு ஒரு ஆட்டம் ஆடும் முன்பே, 1987ல் போதைப்பொருள் வாங்கும்போது போலீஸிடம் சிக்கினார். அவரைச் சேர்த்த விதத்தில் கேள்விகள் எழுந்தன. புகைப்பட விவகாரத்தை ஏற்கனவே பார்த்தோம். எல்லாவற்றையும் சங்கத்தின் வன்மம் என்று தள்ளிவிட முடியாது. வேறொரு வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. அன்று ஒரு பையனுக்கு யாரோ எதையோ வாங்கிக் கொடுத்ததைக் குற்றம் என்று துரத்திய அமைப்பு, இன்று அதைவிடப் பல மடங்கு பணத்தை முறைப்படுத்திக்கொண்டிருக்கிறது. பழைய ரசிகர்களின் கோபத்தில் இந்தப் பகுதிக்கு என்னிடம் பதில் இல்லை.

யாருடைய ஊர்

1991 ஜூனில் டார்கானியன் விலகலை அறிவித்தார். கடைசிப் பருவத்தில் 26 வெற்றி, 2 தோல்வி. 1992க்கான தடையால் போக ஒரு தேசியத் தொடர் இல்லை. 19 ஆண்டுகளில் 509 வெற்றி, 105 தோல்வி, நான்கு ஃபைனல் ஃபோர். பிறகு வந்த கோச்சுகள் யாரும் அந்த உயரத்தைத் தொடவில்லை. 2007ல் கடைசிப் பதினாறு வரை ஒரு முறை போனார்கள். 2013க்குப் பிறகு பத்தாண்டுக்கு மேலாகத் தேசியத் தொடரில் இடமே கிடைக்கவில்லை. இதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. தோற்ற அணிகளின் கதை எங்கும் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது ஊரை. 1990ல் லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 7.4 லட்சம். 2020ல் 22.6 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் அந்த அணிக்குப் பிறகு வந்து கூடிய எண்ணிக்கை. அன்று வேறு பெரிய அணி எதுவும் ஊரில் இல்லை. 2017ல் பனி ஹாக்கி அணி வந்தது, 2020ல் ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வந்தது. புதிதாக வந்தவர்கள் அவற்றைத் தங்கள் அணிகளாக்கிக்கொண்டார்கள். சீட்டு மேசையில் வேலை பார்த்தவர், ஓட்டல் அறை துடைத்தவர், கேசினோ முதலாளி எல்லாரும் ஒரே ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இப்போது இல்லை. குடியிருப்புகள் பாலைவனத்துக்குள் மைல் கணக்கில் போய்விட்டன.

அதனால்தான் 103-73ஐ விட 79-77 பேசப்படுகிறது என்று நினைக்கிறேன். முதலாவதைச் சாதனைப் பட்டியலைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்ளலாம். 76-74ல் பந்து கையில் இருக்க 45 நொடி எப்படிக் கரைந்தது என்பதைத் தொண்டை அடைக்கச் சொல்ல, அன்று அந்த ஊரில் ஏதாவது ஒரு டிவி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2015 பிப்ரவரி 11 அன்று டார்கானியன் 84 வயதில் லாஸ் வேகாஸிலேயே இறந்தார். ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரிப் சாலையின் கேசினோக்கள் சில நிமிடம் தங்கள் விளக்குகளை அணைத்தன. அரங்கத்துக்கு வெளியே அவருடைய வெண்கலச் சிலை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டிருக்கிறார்கள், வருகிறவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதற்காக.